ஜிர்கோனியா சென்சார் ஆக்சிஜனை எப்படி அளக்கிறது: மில்லிவோல்ட்டிலிருந்து சதவீதம் வரை முழு வழிகாட்டி

பாய்லர் புகைப்போக்கியிலோ உலையிலோ இருக்கும் ஜிர்கோனியா அனலைசர் திரையில் "3.1 சதவீதம்" என்று காட்டினால் எல்லோரும் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த சென்சாருக்கு சதவீதம் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு சூடான பீங்கானின் இரண்டு பக்கமும் உள்ள ஆக்சிஜனை ஒப்பிட்டுச் சில மில்லிவோல்ட் தருவதோடு அதன் வேலை முடிந்தது. மீதி எல்லாம் கணக்கு. அந்தக் கணக்கு சரியாக இருக்க வேண்டுமானால் வெப்பநிலை, ஒப்பிடும் காற்று, அழுத்தம் எல்லாம் நாம் நினைத்தபடி இருக்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க மில்லிவோல்ட்டையே பிடித்துக்கொண்டு போகிறேன். அதைக் கையால் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு அனலைசர் தப்பாகக் காட்டும்போது எங்கே தப்பு என்று தேடுவது பாதி சுலபம்.

படி 1: பீங்கான் எப்படி ஆக்சிஜனைக் கடத்துகிறது

ஜிர்கோனியா என்பது ஜிர்கோனியம் டை ஆக்சைடு. சுத்தமான ஜிர்கோனியாவை வைத்து சென்சார் செய்ய முடியாது. சூடாக்கும்போது ஏறத்தாழ 1170 டிகிரி செல்சியஸில் அதன் படிக அமைப்பு மாறும், கனஅளவும் மாறும், ஆறும்போது விரிசல் விட்டு உடைந்துவிடும். அதனால் இட்ரியா என்ற இட்ரியம் ஆக்சைடைக் கலக்கிறார்கள். கடத்துதிறன் அதிகம் வேண்டுமென்றால் 8 மோல் சதவீதம் அளவில், உறுதி முக்கியமென்றால் அதைவிடக் குறைவாக.

இட்ரியா உறுதியை மட்டும் தருவதில்லை. சென்சாரை வேலை செய்ய வைப்பதே அதுதான். ஜிர்கோனியம் அயனிக்கு நான்கு நேர் மின்னூட்டம், இட்ரியம் அயனிக்கு மூன்று. இரண்டு ஜிர்கோனியத்தின் இடத்தில் இரண்டு இட்ரியம் போய் உட்கார்ந்தால் மின்னூட்டக் கணக்கில் இரண்டு குறைகிறது, அதைச் சரிக்கட்ட படிகத்தில் ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகிறது. சூடு ஏறியதும் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் அயனி அந்தக் காலியிடத்துக்குத் தாவும், அது விட்டுவந்த இடத்துக்கு இன்னொன்று தாவும். இப்படியே அயனிகள் பீங்கானுக்குள் நகர்கின்றன. எலக்ட்ரான்களுக்கு மட்டும் அந்த வழியில் அனுமதி இல்லை. அயனி போகும், எலக்ட்ரான் போகாது: இந்த ஒரு குணத்தின் மேல்தான் மொத்த சென்சாரும் நிற்கிறது.

குளிர்ந்த நிலையில் இது ஒரு சாதாரணப் பீங்கான், மின்தடை மிக அதிகம். அதனால்தான் பெரும்பாலான தொழிற்சாலை அனலைசர்களில் ஹீட்டர் வைத்து செல்லை (பீங்கானும் அதன் எலக்ட்ரோடுகளும் சேர்ந்த பகுதி) 650 முதல் 850 டிகிரிக்குள் ஏதாவது ஒரு நிலையில் பிடித்து வைக்கிறார்கள்.

படி 2: செல்லுக்குள் நடப்பது

ஒரு பக்கம் மூடிய பீங்கான் குழாய், அல்லது ஒரு சின்ன வட்டத் தகடு. இரண்டு பக்கமும் நுண்துளைகள் கொண்ட பிளாட்டினம் பூச்சு, அவைதான் எலக்ட்ரோடுகள். ஒரு பக்கம் ரெஃபரன்ஸ் காற்று (ஒப்பிடுவதற்கான காற்று), மறுபக்கம் அளக்க வேண்டிய வாயு.

காற்றுப் பக்கத்தில் ஆக்சிஜன் அதிகம். அங்கே ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு பிளாட்டினத்திலிருந்து நான்கு எலக்ட்ரான்களை எடுத்துக்கொண்டு இரண்டு அயனிகளாகப் பிரிந்து பீங்கானுக்குள் நுழையப் பார்க்கிறது. மறுபக்கத்தில் அயனிகள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு மறுபடி ஆக்சிஜன் வாயுவாக வெளியேறப் பார்க்கின்றன. விளைவு, காற்றுப் பக்க எலக்ட்ரோடு நேராகவும் வாயுப் பக்க எலக்ட்ரோடு எதிராகவும் மாறுகிறது. அந்த மின்னழுத்தமே மேற்கொண்டு அயனிகள் நகர விடாமல் தடுத்து, ஒரு சமநிலை வருகிறது. நாம் அளப்பது அந்தச் சமநிலை மின்னழுத்தத்தை. அதிலிருந்து மின்னோட்டம் இழுத்தால் சமநிலை கெட்டுப்போகும். அதனால் மீட்டரின் உள்தடை மிக அதிகமாக இருக்க வேண்டும்; நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும், பழைய முள் மீட்டர் வேண்டாம்.

படி 3: கணக்கு

வால்தர் நெர்ன்ஸ்ட் 1889-ல் தந்த சமன்பாடுதான் இதற்கு அடிப்படை. வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு இட்ரியா கலந்த ஜிர்கோனியாவைச் சூடாக்கி ஒளிர வைத்து விளக்கு செய்தவரும் இதே மனிதர். சமன்பாடும் பீங்கானும் ஒரே ஆளின் கையில் இருந்தும், இரண்டையும் சேர்த்து ஆக்சிஜன் சென்சாராக்கப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன.

பயன்படுத்தும் வடிவில் அது இப்படி வரும்:

மில்லிவோல்ட் = 0.0496 × செல் வெப்பநிலை (கெல்வினில்) × லாக் (ரெஃபரன்ஸ் ஆக்சிஜன் ÷ அளக்கும் ஆக்சிஜன்)

லாக் என்பது 10 அடிமான மடக்கை. கால்குலேட்டரில் இயல் மடக்கைப் பொத்தானை அழுத்திவிட்டு விடை வரவில்லை என்று குழம்ப வேண்டாம்.

செல் 700 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 973.15 கெல்வின். 0.0496-ஆல் பெருக்கினால் 48.27. ஆக்சிஜன் பத்தில் ஒன்றாகக் குறையும் ஒவ்வொரு முறையும் செல் 48.27 மில்லிவோல்ட் கூடத் தரும் என்பதுதான் இந்த எண்ணின் பொருள். உலர்ந்த காற்றில் ஆக்சிஜன் 20.95 சதவீதம். இதை வைத்து ஒரு பட்டியல்:

20.95 சதவீதம்: 0 மில்லிவோல்ட்
10 சதவீதம்: 15.5
5 சதவீதம்: 30.0
2 சதவீதம்: 49.2
1 சதவீதம்: 63.8
0.1 சதவீதம்: 112
10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு): 208.6
100 சதவீத ஆக்சிஜன்: மைனஸ் 32.8

திருப்பிப் போடுவதும் சுலபம். மீட்டரில் 40 மில்லிவோல்ட் வருகிறதா? 40-ஐ 48.27-ஆல் வகுத்தால் 0.8287. பத்தின் அடுக்காக அதைப் போட்டால் 6.74. 20.95-ஐ அதனால் வகுத்தால் 3.11 சதவீதம். அனலைசர் திரையும் இதையே காட்டினால் எலக்ட்ரானிக்ஸில் பிரச்சினை இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். உங்கள் அனலைசர் வேறு வெப்பநிலையில் ஓடினால் 48.27-க்குப் பதில் அதற்கான எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஆக்சிஜன் குறையக் குறைய மின்னழுத்தம் ஏறுகிறது. அதனால்தான் பி.பி.எம். அளவிலும் இந்த சென்சார் நன்றாக வேலை செய்கிறது. மற்ற பல முறைகள் தடுமாறும் இடத்தில் இது தெம்பாகப் பேசும். இரண்டாவது கொஞ்சம் ஆபத்தானது. சென்சார் ஒயர் அறுந்துபோய் உள்ளே வரும் மின்னழுத்தம் சுழியானாலும், பீங்கான் விரிசல் விட்டு இரண்டு பக்கமும் காற்றே வந்தாலும், திரை 21 சதவீதத்தை ஒட்டித்தான் காட்டும். பழுதும் காற்றும் ஒரே மாதிரி தெரியும். கண்ட்ரோல் அதை நம்பி "ஆக்சிஜன் அதிகம்" என்று எரிகாற்றைக் குறைக்க ஆரம்பித்தால், எரிபொருள் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கிளம்பும். ஒயர் அறுந்ததைத் தனியாகக் கண்டுபிடித்து அலாரம் தரும் வசதி உங்கள் அனலைசரில் இருக்கிறதா, அது இயக்கத்தில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

படி 4: வெப்பநிலையைச் சந்தேகப்படுங்கள்

கணக்கில் வெப்பநிலை நேரடியாகப் பெருக்கப்படுகிறது. செல் பக்கத்தில் ஒரு தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி இணை), பெரும்பாலும் கே வகை, இருக்கும். அது 700 என்று சொல்ல, செல் உண்மையில் 710-ல் இருந்தால் என்ன ஆகும்? வாயுவில் உண்மையான ஆக்சிஜன் 2 சதவீதம் என்றால் செல் தரும் மின்னழுத்தம் 49.75 மில்லிவோல்ட். அனலைசர் 700 என்று நினைத்துக் கணக்குப் போட்டு 1.95 என்று காட்டும். பத்து டிகிரிக்கு இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் ஆக்சிஜன் பி.பி.எம்.-க்கு இறங்க இறங்க இதே பத்து டிகிரி பெரிதாகிக்கொண்டே போகும், ஏனென்றால் லாக்கின் மதிப்பு பெரிதாகிறது.

இதில் ஒரு மறைவான பொறி இருக்கிறது. காற்றை வைத்து மட்டும் சோதித்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. இரண்டு பக்கமும் காற்று என்றால் லாக் சுழியாகிறது. சுழியை எந்த வெப்பநிலையால் பெருக்கினாலும் சுழிதான். "காற்றில் 20.95 காட்டுகிறது, சென்சார் நன்றாக இருக்கிறது" என்று சொல்பவர்கள் சோதித்தது சென்சாரில் பாதியைத்தான்.

படி 5: ரெஃபரன்ஸ் காற்று

எல்லோரும் அளக்கும் பக்கத்தையே பார்க்கிறார்கள், மறுபக்கத்தை மறந்துவிடுகிறார்கள். ரெஃபரன்ஸ் காற்றில் 20.95 சதவீதம் இருப்பதாக அனலைசர் நம்புகிறது. உலர்ந்த, எண்ணெய் இல்லாத கருவிக் காற்று கொடுத்தால் அந்த நம்பிக்கை சரி. சுற்றுப்புறக் காற்றையே அப்படியே விட்டால், 30 டிகிரியில் முழு ஈரப்பதம் உள்ள காற்றில் சுமார் 4 சதவீதம் நீராவி, ஆக்சிஜன் 20 சதவீதத்துக்குப் பக்கமாக இறங்கிவிடும். கம்ப்ரஸர் எண்ணெய் ஆவி வந்தால் இன்னும் மோசம்: சூடான பிளாட்டினத்தில் அது எரிந்து ரெஃபரன்ஸ் பக்க ஆக்சிஜனையே தின்றுவிடும்.

சீல் கசிகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: நிலையாக ஓடும்போது ரெஃபரன்ஸ் காற்றின் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். அளவு அசையக் கூடாது. ஏறினால் ரெஃபரன்ஸ் காற்று அளக்கும் பக்கம் கசிகிறது என்று அர்த்தம்.

படி 6: அழுத்தமும் ஈரமும்

சென்சார் உணர்வது ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை. இரண்டு பக்கமும் மொத்த அழுத்தம் ஒன்றாக இருந்தால் அது அடிபட்டுப் போகும், அதனால் மலை மேல் வைத்தாலும் கடற்கரையில் வைத்தாலும் பிரச்சினை இல்லை. அளக்கும் பக்கம் மட்டும் 5 சதவீதம் அதிக அழுத்தத்தில் இருந்தால் காட்டும் அளவும் அதே 5 சதவீதம் கூடும், அதாவது 2.00-க்கு 2.10. புகைப்போக்கியில் இது பெரும்பாலும் பொருட்டில்லை. அழுத்தமுள்ள குழாய்களில் கண்டிப்பாகத் திருத்தம் வேண்டும்.

ஈரம்தான் சண்டை மூட்டும் விஷயம். குழாய்க்குள்ளேயே நிற்கும் ஜிர்கோனியா புரோப் (செல் பொருத்திய நீண்ட குழல்) நீராவியோடு சேர்ந்த வாயுவை அளக்கிறது. வாயுவை இழுத்து, குளிர்வித்து, நீரை வடித்துவிட்டு அளக்கும் கையடக்க அனலைசர் உலர்ந்த வாயுவை அளக்கிறது. உலர்ந்த கணக்கில் 3 சதவீதம், நீராவி 15 சதவீதம் என்றால் ஜிர்கோனியா 2.55 காட்டும். இரண்டுமே சரி. இது புரியாமல் ஜிர்கோனியாவைக் கையடக்கக் கருவிக்குச் சமமாக "திருத்தி" வைப்பவர்கள் நல்ல சென்சாரைக் கெடுத்துவிட்டுப் போகிறார்கள்.

படி 7: எரியக்கூடிய வாயுக்கள்

700 டிகிரியில் பிளாட்டினம் ஒரு அருமையான வினையூக்கி. வாயுவில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன் ஏதாவது இருந்தால் எலக்ட்ரோடிலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்துவிடும். மிஞ்சியதைத்தான் செல் பார்க்கும். ஆக்சிஜன் 1 சதவீதம், கார்பன் மோனாக்சைடு 2000 பி.பி.எம். என்றால் எரிவதற்கு 0.1 சதவீத ஆக்சிஜன் போய்விடும், திரை 0.9 காட்டும். மீத்தேன் ஒவ்வொரு பங்குக்கும் இரண்டு பங்கு ஆக்சிஜனைத் தின்னும், அதனால் அது இன்னும் பெரிய கள்வன்.

எரிபொருள் ஆக்சிஜனைவிட அதிகமாகிவிட்டால் மின்னழுத்தம் திடீரென்று பல நூறு மில்லிவோல்ட்டுக்குத் தாவும். அப்போது செல் காட்டுவது வாயுக்களின் வேதிச் சமநிலையில் எஞ்சும், எண்ண முடியாத அளவுக்குச் சிறிய ஆக்சிஜன். எஃகைக் கார்பன் ஏற்றிக் கடினமாக்கும் உலைகளில் இதையே பயன்படுத்தி, ஒரு வோல்ட்டைத் தாண்டும் அளவிலிருந்து கார்பன் அளவைக் கணக்கிடுகிறார்கள். ஹைட்ரஜன் ஓடும் குழாயில் பி.பி.எம். ஆக்சிஜனை மட்டும் தனியாக அளக்க நினைத்தால் ஜிர்கோனியா சரிவராது, வேறு முறை தேடுங்கள்.

படி 8: கலிப்ரேஷன் (அளவு தெரிந்த வாயுவை வைத்துச் சரிபார்த்தல்)

சூடேறி முடித்து வெப்பநிலை நிலையாக நிற்கும் வரை தொடாதீர்கள். பிறகு இரண்டு வாயுக்கள் வேண்டும்: ஒன்று உலர்ந்த கருவிக் காற்று, மற்றது நைட்ரஜனில் 2 சதவீதம் அல்லது 0.4 சதவீதம் போல அளவு தெரிந்த ஆக்சிஜன் கலந்த சிலிண்டர். சுத்தமான நைட்ரஜனை "சுழி வாயு" என்று கொடுக்கவே கூடாது. சுழியால் வகுக்க முடியாது. நடைமுறையில் நைட்ரஜனில் இருக்கும் சில பி.பி.எம். மாசையும் குழாய்க் கசிவையும்தான் அளந்துகொண்டிருப்பீர்கள், எண் ஓரிடத்தில் நிற்கவே நிற்காது.

ஓட்டத்தின் அளவை உற்பத்தியாளர் சொன்னபடியே வையுங்கள். குறைவாக விட்டால் புகை வாயு உள்ளே புகுந்து கலக்கும், அதிகமாக விட்டால் செல் குளிரும். கலிப்ரேஷன் வாயு நின்றதும் அந்தக் குழாயை மூடியோடு அடைக்க மறக்காதீர்கள். திறந்து கிடந்தால் உள்ளே வெளியைவிடக் குறைந்த அழுத்தம் உள்ள புகைப்போக்கி வெளிக்காற்றை அந்த வழியே உறிஞ்சி, நாள் முழுக்க ஆக்சிஜன் அதிகமாகக் காட்டும்.

இப்போது அனலைசர் "பாஸ்" என்று சொன்னாலும் சரி, மில்லிவோல்ட்டைக் குறித்து வையுங்கள். உதாரணமாக காற்றில் மைனஸ் 1.0, 2 சதவீத வாயுவில் 47.9 வருகிறது. வித்தியாசம் 48.9. கோட்பாட்டின்படி 49.24 வர வேண்டும். ஆக சரிவு (கோட்பாடு சொல்லும் வித்தியாசத்தில் எவ்வளவு வருகிறது என்பது) 99.3 சதவீதம், செல் ஆரோக்கியமாக இருக்கிறது, மைனஸ் 1.0 என்பது ஆஃப்செட் (சுழி வர வேண்டிய இடத்தில் வரும் விலகல்), அதை அனலைசர் கழித்துக்கொள்ளும். கழிக்காமல் விட்டால்? 700 டிகிரியில் ஒரு மில்லிவோல்ட் தப்பு என்றால் காட்டும் அளவில் சுமார் 5 சதவீதம் தப்பு, அது 2 சதவீதத்திலும் சரி, 10 பி.பி.எம்.-இலும் சரி, அதே விகிதம்தான். இந்த எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவந்தால், செல் எப்போது கிழடாகிறது என்பது அனலைசர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிடும். ஆஃப்செட் மெல்ல விலகும், சரிவு குறையும், செல்லின் உள்தடை ஏறும், வாயு மாற்றினால் எண் நிற்க நேரம் எடுக்கும்.

நேரம் எடுப்பதற்கு எல்லா முறையும் செல்லைக் குற்றம் சொல்லக் கூடாது. முனையில் இருக்கும் வடிகட்டி சாம்பலால் அடைத்திருந்தாலும் அப்படித்தான். கலிப்ரேஷன் வாயுவுக்கு வேகமாக நகர்ந்து, புகை வாயுவுக்குத் திரும்பும்போது மட்டும் இழுத்தடித்தால் வடிகட்டியைப் பாருங்கள்.

படி 9: செல்லைக் கெடுப்பவை

கந்தகம், சிலிக்கோன் ஆவி, ஈயம், பாஸ்பரஸ், ஹாலஜன்கள் எல்லாம் பிளாட்டினத்தைத் தாக்கும். சிலிக்கோனைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வாயு இணைப்பில் கசிவை அடைக்க யாரோ கொஞ்சம் சிலிக்கோன் பேஸ்ட் தடவிவிடுவார்கள், அதன் ஆவி எலக்ட்ரோடில் கண்ணாடிப் படலமாகப் படிந்து துளைகளை மூடிவிடும். செல்லுக்குப் போகும் வழியில் சிலிக்கோன் எதுவும் வேண்டாம்.

அடுத்தது வெப்ப அதிர்ச்சி. சூடான பீங்கானில் நீர்த்துளி பட்டால் விரிசல்தான். புகைப்போக்கியைத் தண்ணீர் அடித்துக் கழுவும்போது புரோபைக் கழற்றிவையுங்கள் அல்லது முழுதாக ஆற விடுங்கள்.

வேறு வகைகள் பற்றிச் சுருக்கமாக

கார்களில் இருக்கும் லாம்டா சென்சாரும் இதே குடும்பம். 1976-ல் போஷ் அதை அறிமுகப்படுத்தியது, முதலில் வோல்வோ கார்களில் வந்தது. அது சதவீதத்தைச் சரியாகச் சொல்ல முயல்வதில்லை. எரிபொருள் அதிகமென்றால் 0.9 வோல்ட் பக்கம், காற்று அதிகமென்றால் 0.1 வோல்ட் பக்கம், நடுவில் 0.45; எந்தப் பக்கம் என்று தெரிந்தால் இன்ஜினுக்குப் போதும். வைடுபேண்ட் வகையில் இன்னொரு ஜிர்கோனியா செல்லை ஆக்சிஜன் பம்பாகச் சேர்த்து, அந்த 0.45-ஐ நிலையாக வைத்திருக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்று அளக்கிறார்கள். பம்ப் என்பது மந்திரம் ஒன்றும் இல்லை. செல்லுக்கு வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுத்தால் அயனிகள் நாம் சொன்ன பக்கம் நகரும், அவ்வளவுதான்.

இன்னொரு வகையில் இரண்டு ஜிர்கோனியா தகடுகளுக்கு நடுவே ஒரு மூடிய சின்ன அறை. ஒரு தகடு ஆக்சிஜனை வெளியேற்றித் திரும்ப நிரப்பும், மற்றது மின்னழுத்தத்தைக் கவனிக்கும், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்திலிருந்து ஆக்சிஜன் அளவு வரும். ரெஃபரன்ஸ் காற்றே தேவையில்லை என்பது பெரிய வசதி. ஆனால் இது நேரடியாகப் பகுதி அழுத்தத்தையே தருவதால், சதவீதம் வேண்டுமானால் அந்த இடத்தின் காற்றழுத்தத்தையும் கூடவே அளக்க வேண்டும். முன்னால் சொன்ன மலை, கடற்கரை வித்தியாசம் இங்கே வந்துவிடும்.

கடைசியாக, நிறுத்தும்போதும் மாற்றும்போதும்

பாய்லரைச் சில நாள் நிறுத்தினால் செல் ஹீட்டரை அணைக்கலாமா? அணைத்தால் குளிர்ந்த செல்லில் அமில நீர் படிந்து அரிக்கும், அதனால் ஓடவிடுவதே செல்லுக்கு நல்லது. ஆனால் 700 டிகிரியில் இருக்கும் செல் ஒரு பற்றவைப்பான் என்பதையும் மறக்கக் கூடாது. பர்னர் பற்றாமல் எரிவாயு உலைக்குள் தேங்கினால் அதைப் பற்றவைக்க அந்தச் சூடு போதும். அதனால் சுடர் அணைந்ததும் ஹீட்டர் மின்சாரத்தைத் துண்டிக்கும் இன்டர்லாக், சுடர்தடுப்பு வடிகட்டி இவை இருந்தால் எந்தக் காரணத்துக்கும் கழற்றாதீர்கள், செல்லின் ஆயுள் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

புது செல் போடும்போது சீல் வளையத்தையும் புதிதாகவே போடுங்கள், பழையதைத் திரும்பப் போட்டால் படி 5-இல் சொன்ன கசிவு அங்கிருந்துதான் தொடங்கும். பீங்கானையும் பிளாட்டினப் பூச்சையும் விரலால் தொடாதீர்கள். சூடேற்றியதும் ஒரு முறை கலிப்ரேஷன் செய்து ஓட்டுங்கள், ஒரு நாள் முழுக்க அதே சூட்டில் ஓடியபிறகு இன்னொரு முறை செய்யுங்கள், அந்த இரண்டாவது எண்களையே நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள்.